வேலியில் கிடந்த ஐவிரலி: வாசலில் நின்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்

எங்கள் வீடு கோயம்புத்தூர் வடவள்ளியில், பஸ் நிறுத்தத்துக்குப் போகிற சந்தின் முனையில் இருக்கிறது. முன்பக்கக் கம்பிவேலி முழுக்க ஐவிரலிக் கொடி. ஐப்பசி பிறந்துவிட்டால் சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட பழங்களும், பழுக்காத பச்சைக் காய்களும் ஒரே கொடியில் தொங்கும். பால் வாங்கப் போகிறவர், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறவர், நடைப்பயிற்சிக்காரர் என்று எல்லோரும் ஒரு நிமிடம் நிற்பார்கள். நின்றால் ஒரு கேள்வி. ஆறு ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு, எந்தக் கேள்வி எந்த மாதத்தில் வரும் என்பதுகூட எனக்கு அத்துப்படி. அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

“ஏனுங்க அம்மணி, இது என்ன கொடி? கோவையா?”

கோவை இல்லை, ஐவிரலி. இலை கையை விரித்தாற்போல ஐந்து விரலாகப் பிரிந்திருப்பதால் அந்தப் பெயர். சிவலிங்கக்காய் என்றும் சொல்வார்கள். எங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) ஊரான காங்கேயம் பக்கத்தில் பாதிப் பேர் பெயரே வைக்காமல் “வேலிக்கொடி” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பூசணி, பாகல், கோவை எல்லாம் சேர்ந்த குடும்பத்தில் இதுவும் ஒன்று. ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை வெப்பநாடுகளில் தானாகவே வளர்கிறது.

தாவரவியல் பெயர் டிப்ளோசைக்ளோஸ் பால்மேட்டஸ். 1753இல் லின்னேயஸ் இதை பிரையோனியா என்ற பேரினத்தில் சேர்த்திருந்தார். இப்போதைய பெயர் 1962இல் வந்தது. மருந்து விதைப் பொட்டலங்களில் இன்னும் பிரையோனியா என்று அச்சிட்டிருந்தால் குழம்ப வேண்டாம், பழைய பெயர் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

“வேலியில் இதைப் போலவே நாலைந்து கொடி இருக்கிறதே, எப்படி அடையாளம் காண்பது?”

காய் இருந்தால் சந்தேகமே வராது. கோலிக்குண்டு அளவு உருண்டை, பச்சையில் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும். பழுத்தால் பச்சை இருந்த இடமெல்லாம் சிவப்பாகும், வெள்ளைக் கோடு அப்படியே நிற்கும். கோவைப்பழம் நீளமானது, முழுச் சிவப்பு. மொசுமொசுக்கையின் பழம் சுண்டைக்காயைவிடச் சிறியது, இலையைத் தொட்டால் சொரசொரக்கும்.

காய் இல்லாத நாளில் பற்றுக்கம்பியைப் பாருங்கள். கொடி எதையாவது பிடிப்பதற்காகச் சுருட்டி நீட்டும் அந்த மெல்லிய கை, கோவைக்கும் பாகலுக்கும் மொசுமொசுக்கைக்கும் ஒற்றையாக இருக்கும். ஐவிரலிக்கு மட்டும் நுனி இரண்டாகப் பிரியும். முதிர்ந்த தண்டின் விளிம்புகளில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் ஐவிரலிதான்.

“சிவலிங்கக்காய் என்கிறீர்களே, லிங்கம் எங்கே இருக்கிறது?”

பழத்துக்குள். பழுத்த ஒன்றைப் பிதுக்கினால் கொழகொழவென்ற சதையோடு விதைகள் வெளியே வரும். கழுவிக் காயவைத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அரை சென்டிமீட்டர்தான் இருக்கும். நடுவில் மேடாகப் புடைப்பு, அதைச் சுற்றி இடுப்பில் ஒட்டியாணம் கட்டியதைப் போல ஒரு வளையம். ஆவுடையாரில் லிங்கம் வைத்ததைப் போலவே இருக்கும். முதல்முறை பார்த்தபோது எனக்கும் கொஞ்சம் உடம்பு சிலிர்த்தது. பூதக்கண்ணாடி இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், காட்டிய பிறகு கையைக் கழுவச் சொல்லுங்கள்.

“வீட்டில் வைத்தால் ஆகாது, தீட்டு பட்டால் குற்றம் என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?”

கிளுவை என்ற முள்செடி வேலியில் ஆடு கடித்தும் மாடு மிதித்தும் வளர்ந்த கொடி இது. நம் வீட்டு வாசலில் மட்டும் அதற்குக் கோபம் வரும் என்று நான் நினைக்கவில்லை. மாமியாருக்கு மனத்தாங்கல் இருந்தால் ஐவிரலி என்ற பெயரைச் சொல்லுங்கள், சிவலிங்கக்காய் என்று வாயைத் திறக்காதீர்கள்.

“பழம் தின்னலாமா?”

கூடாது. கசக்கும். இந்தக் குடும்பத்துக்கே உரிய குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள்தான் காரணம். வயிற்றில் அதிகம் போனால் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி வரும். குயிலும் கொண்டைக்குருவியும் தின்கின்றன, நமக்கு மட்டும் என்ன என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். குருவி எட்டிக்காய் மரத்திலும்தான் உட்காருகிறது.

தவழும் குழந்தை, கையில் கிடைத்ததை வாயில் போடும் வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் நான்கு அடிக்குக் கீழே காய்க்கவிடாதீர்கள். கீழே வரும் கிளைகளைக் கிள்ளிவிட்டால் போதும், மேலே நன்றாகவே காய்க்கும். உதிர்ந்த பழத்தைத் தினமும் கூட்டிவிடுங்கள். ஒருவேளை குழந்தை தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் வேலையெல்லாம் வேண்டாம். ஒரு பழத்தையும் இலையையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லாவிட்டால் 108.

“அப்படியானால் கொடி ஏற்றினாலே பாம்பு வரும் என்பதும் உண்மைதானா?”

பாம்பு கொடியைத் தேடி வருவதில்லை, எலியையும் தவளையையும் தேடி வருகிறது. கொடியின் அடியில் உடைந்த ஓடு, பழைய செங்கல், தேங்காய் மட்டை என்று குவித்து வைத்தால் எந்தக் கொடியாக இருந்தாலும் வரும். அடிப்பக்கம் ஒரு அடிக்குத் தெரிகிற மாதிரி இலைகளை நீக்கிச் சுத்தமாக வைத்தால் பயம் பெரும்பாலும் போய்விடும்.

கொடியிலேயே குடியிருக்கக்கூடியது பச்சைப் பாம்பு. நம் ஊரில் கண்கொத்திப் பாம்பு என்று பெயர் வாங்கிய அப்பாவி. அது ஓணானையும் பல்லியையும் பிடித்துத் தின்னும். இலேசான விஷம் உண்டு, ஆனால் மனிதர்களுக்கு ஆபத்தில்லை. கண்ணைக் கொத்தும் என்பது கதை. இருந்தாலும் பழம் பறிக்கக் கையைவிடும் முன் கொடியை ஒருமுறை குச்சியால் தட்டிவிட்டுப் பறிப்பது என் வழக்கம்.

“விதை எங்கே கிடைக்கும்? நாட்டு மருந்துக் கடையில் வாங்கலாமா?”

வாங்கலாம், முளைக்குமா என்பது வேறு. நான் முதலில் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு கடையில் ஐம்பது ரூபாய்க்கு ஒரு பொட்டலம் வாங்கி இருபது விதை போட்டேன். ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. மருந்துக்காக விற்கிற விதை எத்தனை வருடம் டப்பாவில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, அவர் விதைக்கக் கொடுக்கவில்லை.

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் கார்த்திகை, மார்கழியில் ஒரு நடை போய்வாருங்கள். அங்கே கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கும். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் மரமுமாக மாடு மேய்கிற அந்த மேய்ச்சல் நிலத்துக்கு உயிர்வேலி அதுதான். முள் நிறைந்த கிளுவையில் கோவை, குன்றிமணி, மொசுமொசுக்கை, பிரண்டை, ஐவிரலி எல்லாம் பின்னிக் கிடக்கும். காட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு நன்றாகச் சிவந்த நாலு பழம் பறித்தால் தெருவுக்கே போதும். கிழங்கோடு பிடுங்காதீர்கள். கல்தூணும் கம்பியும் வைத்து வேலியை மாற்றுகிற தோட்டங்களில் இந்தக் கொடிகள் ஏறுவதற்கு இடமில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

“டீச்சர், நீங்கள் கொடுத்த விதையைப் போட்டு பதினைந்து நாள் ஆகிவிட்டது. முளைக்கவே இல்லை!”

பதினைந்து நாள் இதற்கு ஒரு கணக்கே இல்லை. வெண்டையும் அவரையும் விதைத்துப் பழகிய கை அவசரப்படுகிறது. இரண்டு முதல் நான்கு வாரம் பொறுங்கள். எனக்கு ஒரு தொட்டியில் ஆடியில் போட்ட விதை ஐப்பசி மழைக்குத்தான் முளைத்தது. அதற்குள் அந்தத் தொட்டியில் கீரை விதைத்து இரண்டு முறை அறுத்துவிட்டேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். விதையைச் சுற்றியுள்ள சதை முழுக்கப் போகும்படி சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். விதைக்கும் முன் ஓரிரவு தண்ணீரில் ஊறட்டும். அரை அங்குல ஆழம் போதும். மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாகக் கூடாது. ஒரு இடத்துக்கு நாலு விதை போட்டு, வந்ததில் திடமானதை வைத்துக்கொள்ளுங்கள்.

“எந்தப் பட்டத்தில் விதைப்பது?”

ஆடிப்பட்டம். கோடை மழை கிடைத்தால் வைகாசியிலேயே போடலாம், ஐப்பசியில் காய் நிறைய இருக்கும். கொங்கு நாடு மலைக்குக் கிழக்கே மழைமறைவில் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் காற்றும் சாரலும்தான், பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். வேலியில் இருக்கும் ஐவிரலி இந்தக் கணக்கை நம்மைவிட நன்றாக அறியும். சாரலில் தளிர்த்து, பெருமழையில் பூத்துக் காய்த்து, தையில் பழம் முடித்து, மாசியில் காய்ந்துவிடும். அதை ஒட்டியே நாமும் போனால் வேலை மிச்சம்.

“மாடியில் தொட்டியில் வருமா?”

வரும், ஆனால் பெரிய தொட்டியாக இருக்க வேண்டும். இதற்கு அடியில் கிழங்கு போன்ற பருத்த வேர் உண்டு. ஒன்றரை அடி அகலமும் அதே ஆழமும் உள்ள தொட்டி அல்லது பைக்குக் குறைந்தால் கொடி சோகையாக இருக்கும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் என்பது என் கலவை. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதையே முழுக்க நிரப்பாதீர்கள். சேர்ப்பதானால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிவிட்டுக் கொஞ்சமாகச் சேருங்கள். கரிசல் மண் மட்டும் கிடைக்கிறவர்கள் மணலைக் கூட்டிக்கொள்ளுங்கள், தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும்.

மாடியில் வெயிலைவிடக் காற்றுதான் எதிரி. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராக வீடு கட்டிய நமக்காகவே சொன்னதைப் போல இருக்கிறது. மேற்கே ஒரு சுவரோ, தண்ணீர்த் தொட்டியோ மறைப்பாக இருக்கும்படி வையுங்கள். என் முதல் மாடிக்கொடியை ஒரே ராத்திரியில் காற்று சுருட்டிப் பக்கத்து வீட்டுத் துணிக்கயிற்றில் போட்டது.

“சுவரில் தானாக ஏறிக்கொள்ளுமா, பந்தல் போட வேண்டுமா?”

சுவரில் ஏறாது. பற்றுக்கம்பி சுற்றிப் பிடிக்க மெல்லிசாக ஏதாவது வேண்டும். தென்னை நார்க் கயிறு, கம்பிவலை, பழைய மீன்வலை எதுவானாலும் சரி. விரலைவிடத் தடித்த குழாயில் அது வழுக்கிக்கொண்டே இருக்கும், அங்கே குறுக்கே சணல் கட்டிக் கொடுங்கள். கொடி மூன்று முதல் ஆறு மீட்டர் வரை போகும். தலைக்கு மேல் கிடைமட்டப் பந்தலில் காய்கள் இலைக்குள் ஒளிந்துகொள்ளும். நிற்கிற வேலியாக விட்டால் எல்லாம் தெருவைப் பார்த்துத் தொங்கும். அழகுக்காக வளர்க்கிறோம் என்றால் வேலிதான் சரி.

இடம் தேர்வு செய்ய ஒரே சூத்திரம் வைத்திருக்கிறேன்: கிளுவை வேலியில் அதன் தலை வெயிலில் இருக்கும், கால் நிழலில் இருக்கும். வீட்டிலும் அப்படியே அமையுங்கள். அடியில் சருகு மூடாக்கு போட்டுவிட்டால் கால் குளிர்ந்துவிடும்.

“எங்கள் வீட்டில் போர்வெல் உப்புத் தண்ணீர்தான். இலை ஓரம் கருகுகிறது.”

சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்கிற என் கொடியோடு உங்கள் கொடியை ஒப்பிட வேண்டாம். உப்புத் தண்ணீர் ஊற்றும்போது தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதுதான். தினமும் ஒரு குவளை ஊற்றுவதை விட்டுவிட்டு, மண் மேலாகக் காய்ந்த பிறகு அடி ஓட்டை வழியாக வெளியேறும் அளவுக்கு நிறைய ஊற்றுங்கள். மழை பெய்யும்போது ஒரு அண்டாவையாவது முற்றத்தில் வைத்துப் பிடித்து வைத்தால் அது அமிர்தம்.

இரண்டு தண்ணீரை ஊற்றவே கூடாது. சுத்திகரிப்புக் கருவி கழித்துவிடும் தண்ணீரில் உப்பு இன்னும் அடர்த்தியாக இருக்கும். உப்புக்கட்டி போட்டு இயங்கும் மென்னீர்க் கருவியின் தண்ணீர் சோப்புக்கு நன்றாக நுரைக்கும், ஆனால் சுண்ணாம்பு போன இடத்தில் சோடியம் வந்திருக்கும். செடிக்குச் சுண்ணாம்பே தேவலாம்.

“ஒரே ஒரு கொடிதான் இருக்கிறது. ஆண் கொடி, பெண் கொடி என்று இரண்டு வேண்டுமா?”

அந்தச் சிக்கல் கோவைக்கு. அதில் ஆண் தனிக்கொடி, பெண் தனிக்கொடி. ஐவிரலியில் இரண்டு பூவும் ஒரே கொடியில், பெரும்பாலும் ஒரே கணுவிலேயே இருக்கும். வெளிர் பச்சை கலந்த சின்னப் பூ, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பூவுக்குக் கீழே மிளகளவு உருண்டை இருந்தால் பெண். கையால் மகரந்தம் தடவ வேண்டியதில்லை, சின்னத் தேனீக்கள் பார்த்துக்கொள்ளும்.

“கொடி காடு மாதிரி வளர்ந்திருக்கிறது, ஒரு காய்கூட இல்லையே?”

எத்தனை முறை உரம் வைத்தீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். யூரியா என்று பதில் வந்தால் அத்தோடு விசாரணை முடிந்தது. தழைச்சத்து கூடினால் இலைதான் கொழிக்கும். புண்ணாக்குக் கரைசலை வாரம் தவறாமல் ஊற்றினாலும் இதே கதைதான். நடும்போது கலந்த தொழுவுரம் போதும், பூ எடுக்கும்போது இரண்டு பிடி அடுப்புச் சாம்பல் தூவுங்கள். உப்புத் தண்ணீர்க்காரர்கள் சாம்பலையும் தவிர்க்கலாம்.

அடுத்த காரணம் நிழல். நாளுக்கு நாலைந்து மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். மூன்றாவது காரணம், பூச்சி வரும் முன்னே மருந்தடிக்கும் கை. தேனீ வராமல் பெண்பூ மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

“இலையெல்லாம் சல்லடையாக ஓட்டை. பிஞ்சும் அழுகி விழுகிறது. என்ன மருந்து?”

இரண்டும் வேறு வேறு பூச்சியின் வேலை. ஓட்டை போடுவது பூசணிச் செவ்வண்டு, காலை வெயிலுக்கு முன் மந்தமாக உட்கார்ந்திருக்கும். சோப்புத் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே பிடித்து இலையைத் தட்டினால் விழுந்துவிடும். நாற்றாக இருக்கும்போதுதான் இது கொல்லும், வளர்ந்த கொடி தாங்கிக்கொள்ளும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு சேர்த்து மாலையில் தெளித்தால் வண்டும் அசுவினியும் குறையும். சாம்பல் பூத்ததைப் போல இலையில் வெள்ளைப் பொடி படர்ந்தால் அது பனிக்கால நோய். அந்த இலைகளைக் கிள்ளி, காற்றோட்டம் கொடுத்துவிடுங்கள்.

பிஞ்சு அழுகுவது பழ ஈயால். பாகலையும் பீர்க்கையும் குத்துகிற அதே ஈ. காயில் ஊசி குத்திய புள்ளி தெரியும், பிளந்தால் புழு நெளியும். விழுந்ததை மண்ணில் புதைத்தால் அதுவே நாற்றங்காலாகிவிடும், ஏனென்றால் புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகிறது. பாலித்தீன் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். தொண்டாமுத்தூர்ப் பக்கத்துக் காய்கறிக்காரர்களைக் கேட்டால் கருவாட்டுப் பொறியைப் பற்றிச் சொல்வார்கள். துளையிட்ட பையில் நனைத்த கருவாட்டைத் தொங்கவிட்டு ஈயை இழுப்பது. வேலை செய்கிறது, ஆனால் எங்கள் தெருப் பூனைகள் மூன்றும் பொறிக்குக் கீழே குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டன. பாகல் பந்தல் வைத்துப் பிழைக்கிறவர் பக்கத்தில் இருந்தால், உங்கள் கொடியில் ஈ பெருகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை.

“அக்கா, மாசியில் முழுக்கக் காய்ந்துவிட்டது. செத்துப்போயிற்றா?”

உறங்குகிறது. பட்டத்தைப் பற்றிச் சொன்ன இடத்தில் இதைத்தான் சொன்னேன். காய்ந்த கொடியை அரை அடி விட்டு வெட்டிவிடுங்கள், தண்ணீரைக் குறையுங்கள். பங்குனி, சித்திரையில் பத்து நாளுக்கு ஒருமுறை இலேசாக நனைத்தால் போதும். பாவம் பார்த்துத் தினமும் ஊற்றித்தான் பெரும்பாலான வீடுகளில் கிழங்கை அழுகவைக்கிறார்கள். கோடை மழை விழுந்த பத்தாம் நாள் அடியிலிருந்து தளிர் வரும். வராவிட்டாலும் கவலை வேண்டாம், உதிர்ந்த விதைகள் வந்திருக்கும்.

“கொலுவுக்கும் காப்புக்கட்டுக்கும் பழத்தை வைக்கலாமா?”

நவராத்திரிக்குள் பெரும்பாலும் பச்சைக் காய்கள்தான் கிடைக்கும். ஆனால் கொலுப் படியில் வெற்றிலை ஓரமாக அந்தக் கோடு போட்ட பச்சைக் காய்களை அடுக்கிப் பாருங்கள், கண்ணாடிக் கோலிகள் தோற்கும். கொடியோடு வெட்டினால் நாலைந்து நாள் வாடாது. காப்புக் கட்டுகிற தை நோன்புக்கு வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூவோடு சேர்த்து எங்கள் வீட்டுத் தூணுக்கு ஒரு சரம் கட்டுகிறேன். இது சம்பிரதாயம் இல்லை, என் ஆசை. எங்கள் அமுச்சி (பாட்டி) இருந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். மாட்டுத் தொழுவத்தில் கட்டாதீர்கள், வாய்க்கு எட்டும்.

“செல்போனில் ஒரு படம் பார்த்தேன். ஒரே கொத்தில் நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, பச்சை எல்லாம் இருக்கிறது. அந்தக் கொடி இங்கே வருமா?”

அது திராட்சைக் குடும்பத்துக் கொடி, பீங்கான் திராட்சை என்று சொல்லலாம். பளபளவென்று வண்ணப் பீங்கான் மணி மாதிரியேதான் இருக்கும். ஜப்பான், கொரியா, சீனா அதன் தாய்நிலம். குளிர்காலத்தில் இலையை உதிர்த்து உறங்கி எழும் இயல்புடையது, நம் ஊர் மார்கழிக் குளிர் அதற்கு ஒரு குளிரே இல்லை. இணையத்தில் அதன் விதை என்று விற்கிற பொட்டலத்தை வாங்காதீர்கள். நீலப் பழமும் பச்சைப் பழமும் கலந்த அந்த அழகுக்காக 1870களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அங்கே கிழக்குப் பகுதியில் மரங்களை மூடி ஏறும் களையாகி, வெட்டி மாளவில்லை.

“அப்படியானால் குன்றிமணி வைக்கிறேன். அதுவும் சிவப்பு கறுப்பாக அழகுதானே?”

அழகுதான். ஒரு குன்றிமணித் தங்கம் என்று நாம் சொல்வதே அதன் எடையை வைத்து. ஒரு விதை ஏறக்குறைய 120 மில்லிகிராம் இருக்கும். விதைகளுக்கிடையில் எடை அவ்வளவாக மாறாததால் ஆசாரிகள் தராசில் வைத்தார்கள்.

ஆனால் ஐவிரலிப் பழத்துக்கு நான் சொன்ன எச்சரிக்கையை நூறு மடங்காக்கிக்கொள்ளுங்கள். குன்றிமணியில் இருக்கும் அப்ரின் கொடிய விஷம். தோல் கெட்டியாக இருப்பதால் முழுதாக விழுங்கினால் பல நேரம் அப்படியே வெளியேறிவிடும். மென்றோ, உடைத்தோ, துளை போட்டோ உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து, அறிகுறி தெரியச் சில மணி நேரம்கூட ஆகலாம். பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் வேண்டவே வேண்டாம். மணி மணியாகப் பழம் வேண்டும், பயமும் வேண்டாம் என்றால் மொசுமொசுக்கை வையுங்கள். இலையைச் சளிக்கு அடையாகச் சுட்டுச் சாப்பிடலாம்.

“இந்த விதையைச் சாப்பிட்டால் ஆண் குழந்தை பிறக்குமாமே? நாலு விதை கொடுங்கள்.”

இதைக் கேட்பவர்கள் மெதுவான குரலில் கேட்பார்கள், பெரும்பாலும் இன்னொரு பெண்ணுக்காகக் கேட்பார்கள். விதையின் உருவத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை இது. குழந்தை ஆணா பெண்ணா என்பது கரு உருவாகும் அந்தக் கணத்திலேயே தந்தையின் விந்தணுவால் முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு தாய் எதைத் தின்றாலும் மாறாது. குழந்தையின் பாலினத்தைத் தேர்ந்தெடுப்பதையும், அதற்கு வழி இருப்பதாக விளம்பரம் செய்வதையும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

மூத்தது பெண் என்பதற்காக ஒரு பெண்ணுக்கு இந்தக் கசப்பு விதையைக் கொடுக்க நான் விதை தரமாட்டேன். ஒரு அம்மாள் இதனால் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். பிள்ளைப்பேறு தள்ளிப்போகிறது என்றால் கணவன், மனைவி இருவருமாக மருத்துவரைப் பாருங்கள்.

“அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குத் தபாலில் விதை அனுப்பலாமா?”

வேண்டாம். சான்றில்லாமல் விதை அனுப்புவது அந்த நாட்டுச் சட்டப்படி தவறு, பிடித்தால் அழித்துவிடுவார்கள். சட்டத்தை விடுங்கள். பீங்கான் திராட்சைக்கு நடந்தது நம் கொடிக்கு அங்கே நடக்கக்கூடாது. நாம் கூட்டு வைத்துச் சாப்பிடும் கோவை, ஹவாய் தீவுகளுக்குப் போய் மரத்தையும் மின்கம்பத்தையும் மூடுகிற களையாகியிருக்கிறது. இங்கே வண்டும் ஈயும் அளவோடு வைத்திருக்கிற கொடிக்கு அங்கே கேட்க ஆள் இல்லை. மகன் பொங்கலுக்கு வரும்போது வேலியைக் காட்டுங்கள்.

“எனக்கும் நாலு பழம் கிடைக்குமா?”

கிடைக்கும். கார்த்திகை கடைசியில் வாருங்கள், அதற்குள் பழம் நன்றாக முற்றியிருக்கும். காலை ஏழு மணிக்கு முன்னால் வந்தால் நான் வாசலில் இருப்பேன், அதற்குப் பிறகு கொண்டைக்குருவிகளுக்கும் எனக்கும் பங்கு பிரிப்பதில் தகராறு நடந்துகொண்டிருக்கும். ஒரு காகிதப் பை கொண்டு வாருங்கள், பாலித்தீன் பையில் போட்டால் வீடு போய்ச் சேர்வதற்குள் வியர்த்துப் பூசணம் பிடித்துவிடும்.